ஜபமாலையில் எட்டு மணி குறையுது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, வணக்கம். ‘வரலாற்றை நடத்தினது பேர் பெற்றவர்களா, பேர் வெளியே வராதவர்களா?’ இதுதானே தலைப்பு? எனக்கு முன்னால பேசின எதிரணி அண்ணன் ஒரு கிடுக்கிப்பிடி போட்டுட்டுப் போனார். “பேர் தெரியாதவர்னு நீங்க யார் பேரைச் சொன்னாலும், அந்த நிமிஷமே அவர் பேர் தெரிஞ்சவர் ஆயிடுவார், எங்க அணிக்கு வந்துடுவார்”னார். அதுக்குக் கைதட்டல் வேற! சரிண்ணே, நான் மூணு பேர் தர்றேன், எடுத்துக்குங்க. இத்தனை நாளா ஏன் கேட்டு வாங்கலேன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்துக்குங்க.

“எவரெஸ்ட் மாதிரி உயர்ந்து நிக்குற பேருங்க”ன்னு அண்ணன் முழங்கினார். வசமா மாட்டிக்கிட்டார். அந்த மலைக்கு யார் பேரை வெச்சாங்களோ, அந்த நில அளவைத் துறைத் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1843லயே ஓய்வு வாங்கிட்டு இங்கிலாந்து போயிட்டார். நம்ம பரங்கிமலைப் பக்கம் 1802ல சங்கிலி போட்டு அளக்க ஆரம்பிச்ச நில அளவை வடக்கே போய், பதினைந்தாம் சிகரம்னு வெறும் நம்பர் போட்டு வெச்சிருந்த மலைதான் உலகத்துலயே உசரம்னு 1852ல கணக்குப் போட்டுக் காட்டினவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 29,002 அடி! கணக்கு இவரோடது, போர்டு அவரோடது.

அதே அளவைத் துறையில இன்னொருத்தர். இமயமலையில மிலம்னு ஒரு கிராமம். அங்கே பிறந்த பள்ளிக்கூட வாத்தியார் நைன் சிங். திபெத்துக்குள்ள வெள்ளைக்காரன் கால் வைக்க முடியாது. அதனால இவரை டேராடூன்ல பழக்கி, 1865ல யாத்திரிகர் வேஷத்துல அனுப்பினாங்க. என்ன பழக்கினாங்க தெரியுமா? நடக்க! மேடோ பள்ளமோ, ஒரே அளவா எட்டு வைக்கணும். ரெண்டாயிரம் எட்டுக்கு ஒரு மைல்.

கையில ஜபமாலை. வழக்கமா 108 மணி இருக்கணும். இவர் மாலையில நூறுதான். நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளினா, ஒரு சுற்று முடியுறப்போ பத்தாயிரம் எட்டு, அஞ்சு மைல். பக்கத்துல வர்றவன் சாமி கும்பிடுறார்னு நினைச்சுக்குவான். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ள மந்திரச் சுருளுக்குப் பதிலா அளவுக் குறிப்பு. தண்ணி கொதிக்கிற சூட்டைப் பார்த்து மலை உயரத்தையும் கணிச்சார். இப்படியே நேபாளம் வழியா லாசா வரைக்கும் நடந்தார், நடுவர் அவர்களே! நான் மாடிப்படியை எண்ணினாலே பாதியில மறந்துடுறேன்.

“1877ல லண்டன் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்துச்சே”ன்னு அண்ணன் எழுந்திரிப்பார். உண்மைதான், மறுக்கலே. ஆனா அவர் அளந்துட்டு வந்தப்போ அறிக்கையில போட்ட பேர் வெறும் ‘பண்டிட்’. உளவுக்குப் போனவர் பேரை எப்படிப் போடுவான்? இந்தச் சபையில நைன் சிங்கை முன்னாடியே தெரிஞ்சவங்க கை தூக்குங்க... பின்னால ஒரு தம்பி. வாழ்க!

மணி எடுக்குறீங்க, சீக்கிரம் முடிச்சுடுறேன். இடைவேளையில அண்ணன் ரெண்டு கப் வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்டதை நான் பார்த்தேன். வெனிலா கொடி மெக்சிகோவுக்குச் சொந்தம். பிரெஞ்சுக்காரங்க இந்துமாக்கடல்ல ரியூனியன் தீவுக்குக் கொண்டுவந்து வெச்சாங்க. பூ பூத்துச்சு, காய் பிடிக்கலே. மகரந்தம் சேர்க்கிற பூச்சி அங்கே கிடையாது. பூவும் ஒரே நாள்ல வாடிடும். 1841ல பன்னிரண்டு வயசு அடிமைப் பையன் ஒருத்தன், மூங்கில் சிலாம்பு ஒண்ணை எடுத்து, பூவுக்குள்ள இருக்கிற சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தினான். காய்ச்சுது! இன்னிக்கும் தோட்டத்துல அதே வித்தைதான். அப்புறம் பெரிய தாவரவியல் நிபுணர் ஒருத்தர், “நான்தான் சொல்லிக் கொடுத்தேன்”னு கிளம்பினது தனிக் கூத்து. அந்தப் பையன் 1880ல வறுமையில செத்துப்போனான்.

“நான் சாப்பிட்டதுல இருந்தது வெறும் எசன்ஸ்”னு அண்ணன் தப்பிக்கப் பார்ப்பார். எந்த வாசனைக்குண்ணே அந்த எசன்ஸ்?

மூணாவது பேரையும் எழுதிக்குங்க: எட்மண்ட். பின்னால என்ன பேருன்னு கேக்காதீங்க. அடிமைக்குக் குடும்பப் பேர் கிடையாது. 1848ல விடுதலை கிடைச்சப்போதான் ‘அல்பியஸ்’னு ஒண்ணை ஒட்ட வெச்சாங்க.