மூலக்கூற்றைப் பிளப்பதும் புளி தட்டுவதும்

(கிருஷ்ணகிரியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்று இருமுறை சொல்லியும் கேளாமல் போர்த்திவிட்ட வரவேற்புக் குழுவினரே, பென்னாகரத்திலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இடமின்றிப் பின்னால் நிற்கும் கல்லூரி மாணவியரே, வணக்கம்.

மிக நுண்ணிய துகள்களைக் கையாளும் நானோ நுட்பத்தால் கரியமில வாயுவைப் பிளப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அதற்கான ஆற்றல், கருவி, செலவு.

ஆற்றலுக்கு நம் பழமொழியே போதும்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 12 கிராம் கரி முழுதாக எரிந்தால் 44 கிராம் கரியமில வாயுவும் ஏறத்தாழ 394 கிலோஜூல் வெப்பமும் கிடைக்கின்றன. அந்த வாயுவை மீண்டும் கரியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பவர், எத்தனை நுண்ணிய கருவி வைத்திருந்தாலும், குறைந்தது அதே ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நிலக்கரி மின்சாரத்தால் இதைச் செய்ய முனைவது கடன் வாங்கி வட்டி கட்டுவதுதான்.

கருவிக்கு வருகிறேன். என் அத்தை வீட்டுத் திண்ணையில் மாசி, பங்குனியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைக் கல்லில் வைத்துச் சிறு கட்டையால் ஒரே தட்டு. கொட்டை தெறித்துத் தனியே விழும். எட்டு வயதில் நானும் உட்கார்ந்தேன். கட்டை போதாதென்று அப்பாவின் சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தேன். கொட்டை நொறுங்கிச் சதையோடு சேர்ந்து, ஒரு படிப் புளி வீணானது. கூலி போய்விடுமே என்று மற்றவர்கள் பதற, அத்தை மட்டும் சிரித்தார்: “பலத்தக் காட்டாதடா, எங்க தட்டணும்னு பாரு.”

வேதிவினையை எளிதாக்கும் வினையூக்கியின் இலக்கணமே அதுதான். செவ்வாய்க் கோளில் 2021 ஏப்ரலில் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரித்த நாசாவின் மாக்சி கருவிக்கு ஏறத்தாழ 800 டிகிரி சூடு தேவைப்பட்டது, அது சுத்தியல். நேர்க்கோடாக நிற்கும் கரியமில வாயு மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை ஏற்றால் வளைந்து கொடுக்கும். வெள்ளி, தங்க நானோத் துகள்களின் பரப்பு அவ்வளைவைத் தாங்கிப் பிடிக்க, ஓர் ஆக்சிஜன் அணு கழன்று கார்பன் மோனாக்சைடு கிடைக்கிறது. இது கட்டை. இரண்டிலும் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், கட்டையில் வீணாவதுதான் குறையும்.

இன்னும் நயமான கருவி இலை. அது கரியமில வாயுவைப் பிளப்பதில்லை. வெயிலின் ஆற்றலால் நீரைப் பிளந்து, ஆக்சிஜனை வெளியே விட்டு, கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுகிறது, அதுவும் சாதாரண வெப்பத்திலேயே. அப்படிப்பட்ட இலைகளைக் கோடிக்கணக்கில் தாங்கிய சாலையோரப் புளியமரங்களைத்தான், சாலையை அகலமாக்க, வேரோடு சாய்த்தோம். புளி தட்டிப் பிழைத்த திண்ணைகளும் அவற்றோடு ஓய்ந்தன. வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பத்துக் கன்று, அதுவும் அலங்காரச் செடியன்று, புளியங்கன்று. இதை நான் எந்த மேடையிலும் கேட்பேன்.

செலவைப் பற்றிப் பேசுவதற்குள் தலைவர் துண்டுச்சீட்டு நீட்டிவிட்டார். புளியங்கன்று நடக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறோம். தேநீருக்கு முன் கையெழுத்திட்டுவிடுங்கள்.