கப்பல் சுற்றுலாவை முகவர் மூலம் பதிவதா, கம்பனியிடம் நேரே பதிவதா?

வணக்கம். ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி, மார்ச் பாடசாலை விடுமுறையில், மயாமியிலிருந்து புறப்படும் ஏழு இரவுக் கரீபியன் கப்பலில் குடும்பமாகப் போக நினைக்கிறார்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள், பெற்றோர், சித்தி வீட்டார் என்று 17 பேர், 8 அறைகள். அம்மாவிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் இருக்கிறது. கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். தம்பி கேட்பது இதுதான்: "கப்பல் கம்பனியின் இணையத்தளத்தில் இருக்கும் விலையும், பயண முகவர் சொன்ன விலையும் ஒரு சதம்கூட மாறாமல் ஒன்றாக இருக்கின்றன. அப்படியானால் இடையில் ஒருவர் எதற்கு?"

நியாயமான கேள்வி. நான் இந்தத் தொழிலில் பல வருடங்கள் முகவராக வேலை செய்தவன். இப்போது அதில் இல்லை. ஆகவே உங்களுக்கு விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

விலை ஏன் ஒன்றாக இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். முகவருக்கான கூலியை, அதாவது கழிவை (commission), கப்பல் கம்பனியே கொடுக்கிறது. வழக்கமாக அது அடிப்படைக் கட்டணத்தில் 10 முதல் 16 சதவீதம் வரை இருக்கும். வரி, துறைமுகக் கட்டணம் போன்றவற்றின் மீது கழிவு கிடையாது. நீங்கள் நேரே பதிந்தால் அந்தக் கழிவு உங்கள் விலையில் குறையாது, அது கம்பனியிடமே தங்கிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. தங்கள் விலையைவிடக் குறைத்து விளம்பரம் செய்ய முகவர்களைப் பெரிய கம்பனிகள் அனுமதிப்பதில்லை. அதனால்தான் நல்ல முகவர் விலையைக் குறைக்காமல், கப்பலில் செலவழிக்க 100 டொலர், முன்கூட்டியே கட்டிய டிப்ஸ் என்று வேறு வழியில் தன் கழிவில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறார். டிப்ஸ் என்பதைச் சின்ன விடயமாக எண்ண வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை கணக்கில் ஏறும். 17 பேருக்கு ஏழு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே விலை என்றால், "அதற்கு மேல் எனக்கு என்ன தருவீர்கள்?" என்று முகவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நம்மவர்கள் மரக்கறிக் கடையில் பேரம் பேசுவார்கள், 20,000 டொலர் பயணத்தில் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

விலை ஒன்று என்றால், நீங்கள் உண்மையில் தெரிவு செய்வது எதை? உங்கள் பதிவு யாருடைய கையில் இருக்கப்போகிறது என்பதைத்தான். நேரே பதிந்தால் அந்தப் பதிவு உங்களுடையது. இரவு பதினொரு மணிக்கு விலை இறங்கியிருப்பதைக் கண்டால், முழுப் பணம் கட்ட வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்றால், நீங்களே கம்பனியை அழைத்துப் புதிய விலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். முகவர் மூலம் பதிந்தால், அதே கம்பனியை அழைக்கும்போது, "உங்கள் முகவரிடம் பேசுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். முகவர் வெள்ளிக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டால் திங்கட்கிழமை வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இதன் கசப்பை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் தங்கள் மீதிப் பணத்தை உரிய நாளுக்கு இரண்டு நாள் முன்பே வந்து கட்டியது. அதை வாங்கியவர் கம்பனிக்கு அனுப்ப மறந்துவிட்டார். கடைசி நாள் நள்ளிரவு தாண்டியதும் கணினி அவர்களுடைய இரண்டு பல்கனி அறைகளையும் தானாகவே விடுவித்துவிட்டது. மறுநாள் காலை அந்த அறைகள் வேறு யாருக்கோ போய்விட்டன; மிஞ்சியிருந்தவை யன்னல் இல்லாத உள் அறைகள். அந்த அம்மா பணம் கட்டிய பற்றுச்சீட்டை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த திகதியின் மேல் விரலை வைத்தபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வருகிறேன்: முகவரிடம் பணம் கட்டியதும் அவருடைய பற்றுச்சீட்டோடு நின்றுவிடாதீர்கள். கப்பல் கம்பனி கொடுத்த பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கம்பனியின் செயலியில் நீங்களே பதித்து, பணம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடனட்டையில் கட்டுங்கள், மாத அறிக்கையில் கப்பல் கம்பனியின் பெயரே வந்தால் இன்னும் நல்லது. மீதிப் பணம் கட்டும் நாள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 120 நாட்களுக்கு முன் வரும். உங்களுடைய சரியான நாளை எழுதி வாங்கி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, உங்களுக்கு முகவரைத்தான் பரிந்துரைக்கப் போகிறேன். ஒன்ராறியோவில் வசிக்கும் ஒருவருக்கு இதில் பலர் அறியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பது அதற்கான முதல் காரணம். இங்கே பயணம் விற்கும் நிறுவனங்கள் ரீக்கோ (TICO) எனப்படும் ஒன்ராறியோ பயணத்துறைச் சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் ஓர் இழப்பீட்டு நிதி அங்கே இருக்கிறது. பதிவு செய்த முகவரிடம் நீங்கள் வாங்கியிருந்து, அந்த முகவர் வங்குரோத்தாகி முறிந்து போனாலும் சரி, விமான நிறுவனமோ கப்பல் கம்பனியோ முறிந்து போனாலும் சரி, கிடைக்காத சேவைக்கு ஆளுக்கு 5,000 டொலர் வரை அந்த நிதியிடம் கோரலாம். இங்கே பதிவில்லாத கப்பல் கம்பனியின் தளத்தில் நேரே வாங்கினாலோ, அமெரிக்க இணைய முகவரிடம் வாங்கினாலோ இந்த நிதி உங்களுக்குக் கை கொடுக்காது. மனம் மாறியதற்கும், காய்ச்சல் வந்ததற்கும், கப்பல் ஒரு தீவைத் தவிர்த்துவிட்டுப் போனதற்கும் இது பொறுப்பாகாது. அவற்றில் காப்புறுதி செய்யக்கூடியவற்றுக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும்.

கப்பல் கம்பனி முறிவதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 2022 ஜனவரி 22ஆம் திகதி கிறிஸ்டல் சிம்பொனி என்ற சொகுசுக் கப்பல் பயணிகளோடு மயாமிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எரிபொருள் கடனுக்காகக் கப்பலைப் பிடிக்கும்படி அமெரிக்க நீதிமன்றம் ஆணை பிறப்பித்திருந்ததால், அது மயாமிக்கு வராமல் பஹாமாசின் பிமினித் தீவுக்குத் திரும்பிவிட்டது. பயணிகளை இன்னொரு படகில் ஏற்றிப் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பலை நடத்திய நிறுவனத்தின் தாய்க் கம்பனியான ஜென்ரிங் ஹொங்கொங் அதே மாதம் முறிவுக்கு விண்ணப்பித்திருந்தது. பின்னால் வர இருந்த பயணங்களுக்குப் பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற அலைய வேண்டியதாயிற்று. நீங்கள் பார்த்திருக்கும் பெரிய கம்பனி அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலை ஒன்றாகவே இருக்கும்போது, மேலதிகமாகக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பை வேண்டாம் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. முகவரின் ரீக்கோ பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். அந்த நிறுவனம் பதிவில் இருக்கிறதா என்று சபையின் தளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது காரணம், உங்கள் எட்டு அறைகள். பல கம்பனிகளில் எட்டு அறைகள், அதாவது அறைக்கு இருவராகப் பதினாறு பேர் சேர்ந்தால் அது குழுப் பதிவாகக் கணக்கிடப்படும். பதினாறு பேர் கட்டணம் கட்டினால் ஓர் ஆளின் அடிப்படைக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது தொழிலில் வழக்கம். வரியை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் பதினேழாவது ஆள் ஓர் அறையில் மூன்றாவதாகத் தங்குபவர் என்றால் இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஆனால் அவர் இல்லாமலே உங்களுக்குப் பதினாறு நிறைந்துவிடுகிறது. இது கம்பனிக்குக் கம்பனி மாறும், பாடசாலை விடுமுறை வாரங்களில் சில வேளை கிடைக்காமலும் போகும். அதைத் தாமாகவே உங்களுக்குச் சொல்லி, அந்தச் சலுகையை அப்பாவின் பெயரில் போட்டுத் தருகிறாரா, இல்லை தாமே வைத்துக்கொள்கிறாரா என்பதிலிருந்து முகவர் எப்படிப்பட்டவர் என்பதை அறிந்துகொள்வீர்கள். நீங்கள் இணையத்தளத்தில் எட்டு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்தால், கம்பனியின் பார்வையில் நீங்கள் ஒருவரையொருவர் அறியாத எட்டு வீட்டார். இரவு உணவு மேசை எட்டு இடத்தில் விழலாம். எட்டுப் பதிவுகளையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லித் தொலைபேசியில் நீங்களே மன்றாட வேண்டும்.

மூன்றாவது காரணம் அம்மாவின் கடவுச்சீட்டு. கப்பல் மயாமியில் புறப்பட்டு மயாமிக்கே திரும்புகிறது. கனேடியக் கடவுச்சீட்டு உள்ள உங்களுக்கு அமெரிக்க விசா வேண்டாம். அம்மாவுக்கு வேண்டும். அதுவும் பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும், ஏனென்றால் தீவுகளுக்குப் போய்த் திரும்பும்போது அவர் மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழைகிறார். இடையில் நிற்கும் ஒவ்வொரு தீவுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கப்பல் கம்பனியின் தளம் பெரும்பாலும் இதைப் பற்றி உங்களிடம் ஒன்றும் கேட்காது. "தகுந்த ஆவணங்கள் பயணியின் பொறுப்பு" என்ற பெட்டியில் நீங்கள் சரி போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதற்கான விலையை மயாமித் துறைமுகத்தில், மற்றப் பதினாறு பேரும் வரிசையில் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது, அம்மாதான் கொடுப்பார். விசா கையில் வரும் வரை திருப்பித் தர முடியாத முற்பணம் கட்ட வேண்டாம் என்று சொல்வதும் நல்ல முகவரின் கடமை.

பெயர் விடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்முடைய பழைய இலங்கைக் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், சொந்தப் பெயர் பின்னால் இருக்கும். கனடாவில் எடுத்த ஆவணங்களில் அது தலைகீழாகியிருக்கும். இணையத்தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டியைக் காட்டும்போது, வீட்டில் கூப்பிடும் வழக்கப்படி எழுதிவிட்டு, விமானச் சீட்டில் வேறு மாதிரி எழுதியவர்கள் பலரை எனக்குத் தெரியும். முகவரிடம் போனாலும் பெயரை வாயால் சொல்லாமல் கடவுச்சீட்டின் படத்தையே கொடுத்து, அதில் இருக்கிறபடி எழுதச் சொல்லுங்கள்.

முகவருக்கும் தம்முடைய ஆசை இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கூடுதல் கழிவு தரும் கம்பனியின் பக்கம் உங்களைத் திருப்பலாம். காப்புறுதியிலும் அவருக்குப் பங்கு உண்டு. பதிவை ரத்துச் செய்தால் கம்பனி பிடிப்பதற்கு மேலாகத் தம் அலுவலகக் கட்டணம் என்று ஒரு தொகையைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது எவ்வளவு என்பதை நீங்கள் வாங்குவதற்கு முன்பே அவர் சொல்ல வேண்டும். விமானச் சீட்டு மட்டுமே விற்றுப் பழகியவரைவிட, கப்பலில் தாமே போய் வந்தவரைத் தேடுங்கள். "இந்த அறைக்கு மேல்தளத்தில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். தளப்படத்தைத் திறந்து பார்த்து, "மேலே நீச்சல்குளம், விடியற்காலையில் கதிரை இழுக்கிற சத்தம் கேட்கும், அப்பா அம்மாவுக்கு இரண்டு தளம் கீழே எடுப்போம்" என்று பதில் வந்தால், அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

கணவனும் மனைவியுமாக இருவர், இருவருக்கும் கனேடியக் கடவுச்சீட்டு, ஏற்கெனவே இரண்டு முறை அதே கம்பனியில் போனவர்கள், நான்கு இரவுப் பயணம் என்றால் நான் இவ்வளவு பேசியிருக்கமாட்டேன். நேரே பதியுங்கள், விலையை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருப்பேன். கப்பலில் இருக்கும்போதே அங்குள்ள மேசையில் அடுத்த பயணத்தைப் பதிபவர்களுக்குப் பெரும்பாலும் செலவுக்கான சலுகைத் தொகை கிடைக்கும். அந்தப் பதிவையும் உங்கள் முகவரின் பெயரிலேயே போடச் சொல்லலாம்.

கேள்வியின் கடைசி வரியில், ஆசையில் ஓர் அறைக்கு மட்டும் நேற்று இரவு கம்பனித் தளத்தில் முற்பணம் கட்டிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. முழுப் பணமும் கட்டாத வரை, பதிந்து குறிப்பிட்ட நாட்களுக்குள், நேரடிப் பதிவை முகவரிடம் மாற்றிக் கொடுக்கப் பல கம்பனிகள் இடமளிக்கின்றன. அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, முகவரே தருவார். ஆனால் நாள் கடந்தால் மாற்றமாட்டார்கள். ஆகவே இந்த வாரத்துக்குள் முகவரைத் தெரிவு செய்து, அந்த ஓர் அறையின் பதிவு இலக்கத்தையும் 17 கடவுச்சீட்டுகளின் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவின் கடவுச்சீட்டை முதலில் காட்டுங்கள்.