மழை பெய்யும் இடமும் பட்டா இருக்கும் இடமும்

அனைவருக்கும் வணக்கம்.

கென்யாவின் மசாய் மக்கள் குடியிருப்பை ஒட்டிக் கொஞ்சம் புல்வெளியை ஒதுக்கி வைப்பார்கள். ஓலோபோலோலி என்று பெயர். கன்றுகளும் நோஞ்சான் மாடுகளும் மட்டும்தான் அங்கே மேயும். திடமான மாடுகள் தொலைவுக்குப் போகும். ஓட்டிப் போவதற்கு முன்னால் சிலர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்: புல் எப்படி, தண்ணீர் எவ்வளவு தூரம், நோய் ஏதும் இருக்கிறதா, ஏற்கெனவே அங்கே யார் இருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகே பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அதில் பெரும்பகுதி இந்த விசாரிப்பிலேயே இருக்கிறது. வறண்ட நாட்டில் மழை திட்டுத் திட்டாகத்தான் பெய்யும். பெய்த இடத்துக்கு மாடு போயாக வேண்டும்.

பொது மேய்ச்சல் நிலம் பாழாகத்தான் போகும் என்று அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968-இல் எழுதினார். அவர் சொன்னது கட்டுப்பாடே இல்லாத நிலத்துக்குத்தான் பொருந்தும். பிற்பாடு அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் மேய்ப்பர்களின் நிலத்தை அளந்து பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் வேரூன்றிவிட்டது. அதே 1968-இல் கென்யா குழுப் பண்ணைகளுக்குச் சட்டம் போட்டது. மேய்ப்பர்கள் பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து நிலத்தை வைத்திருப்பார்கள்; குழுவின் பெயரில் பட்டா. அப்புறம் 1980-களில் கஜியாடோ பகுதியில் அந்தப் பண்ணைகளைக் குடும்பவாரியாகக் கூறுபோட ஆரம்பித்தார்கள். மக்களே கேட்டு வாங்கியதுதான். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் நிலத்தைக் கைமாற்றிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூறுபோட்டதும் விற்பனை வந்தது, வேலி வந்தது, மந்தை போன தடங்கள் அடைபட்டன.

2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவங்கள் மழை பொய்த்தது. கென்யாவில் 25 லட்சம் கால்நடைகளுக்கு மேல் மடிந்தன. அதற்கு வேலி மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமில்லை. அவ்வளவு கடுமையான வறட்சி அது. ஆனாலும் நகர வழியில்லாத மந்தைக்கு ஒரே ஒரு பருவம் பொய்த்தாலே போதும்.

2016-இல் வந்த சமூக நிலச் சட்டம் நல்ல சட்டம். நிலம் சமூகத்தின் பெயரில் பதிவாகும்; பெண்களும் சம உரிமையுள்ள உறுப்பினர்கள். பழைய குழுப் பண்ணைப் பதிவேடுகளில் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்களின் பெயர்தானே இருந்தது! என் கவலை வேறு. சமூகத்தின் எல்லைக்கோடும் வேலியாக மாறிவிடலாம். அதனால் பதிவு செய்யும்போதே மந்தை போகும் தடமும், வறட்சிக்கால நீர்நிலையும், பக்கத்துச் சமூகத்தார் எப்போது, எந்த நிபந்தனையில் உள்ளே வரலாம் என்ற உடன்பாடும் சேர்ந்து ஏற வேண்டும். உடன்பாட்டைப் பேசி முடிப்பவர்கள் அந்த மேய்ப்பர்களாகவே இருக்கட்டும். அதை எழுதி, முத்திரை போட்டுக் கொடுப்பது அரசின் வேலை.