ஆர்கன்சா, 1980: இரண்டு வருஷத்துக் கணக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் வந்தால் நம் ஊர் டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிடும். அங்கே ஐம்பது மாநிலங்களிலும் கவர்னர் தேர்தல் நடக்கிறதே, அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. எனக்கு ரொம்ப காலமாக அந்தத் தேர்தல்கள் மேல்தான் கண். அங்கே கவர்னரை யாரும் நியமிப்பதில்லை. ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் பார்க்கிற வேலைதான் அவருக்கு. ரோடு, பள்ளிக்கூடம், சிறைச்சாலை, மாநில வரி எல்லாம் அவர் பொறுப்பு.

அப்படி ஒரு கவர்னர் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்து தோற்ற கதையை இன்றைக்குச் சொல்கிறேன். ஊர் ஆர்கன்சா. அமெரிக்காவிலேயே நெல் அதிகமாக விளைகிற மாநிலம் அது. நெல், கோழிப்பண்ணை, மலையோரத்துச் சின்னச் சின்ன ஊர்கள். பணக்கார மாநிலம் என்று சொல்ல முடியாது. 1978-ல் அங்கே முப்பத்திரண்டு வயதுப் பையன் ஒருவர் கவர்னராக ஜெயித்தார். நூற்றுக்கு அறுபத்து மூன்று ஓட்டு அவருக்கு விழுந்தது. பெயர் பில் கிளின்டன். ஆமாம், பிற்பாடு ஜனாதிபதி ஆனவரேதான்.

அப்போது ஆர்கன்சாவில் கவர்னர் பதவிக்காலம் இரண்டே வருஷம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நான் திரும்பத் திரும்ப இதற்குத்தான் வருவேன்.

பதவிக்கு வந்ததும் கிளின்டன் ரோடுகளைச் சரிசெய்ய நினைத்தார். ஆர்கன்சாவின் ரோடுகள் அவ்வளவு மோசம். பணத்துக்கு எங்கே போவது? வண்டிகளுக்கு வருஷா வருஷம் கட்டுகிற பதிவுக் கட்டணத்தை ஏற்றலாம் என்று முடிவானது. வண்டியின் விலையை வைத்துக் கட்டணம் போடலாம் என்பது முதல் யோசனை. விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர் அதிகம் கட்டட்டும், ஓட்டை வண்டி வைத்திருப்பவர் கொஞ்சமாகக் கட்டட்டும். நியாயமாகத்தானே இருக்கிறது? சட்டசபையில் அது மாறிப்போனது. வண்டியின் எடையை வைத்துக் கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள்.

எடை என்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். பணக்காரர் புதிதாக வாங்கிய கார் இலேசாக இருக்கும். கிராமத்துக் குடியானவரின் பழைய பிக்-அப் வண்டி இரும்பும் தகடுமாகக் கனக்கும். அப்படியானால் யார் தலையில் அதிகக் கட்டணம்? கிராமத்தார் தலையில். கனமான வண்டிகளுக்குக் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கிளின்டன் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது பெரிய தவறு என்று பல வருஷம் கழித்துச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

டாலர் கணக்கில் பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் பெட்ரோல் வரி மாதிரி இது விலைக்குள்ளே மறைந்து போவதில்லை. நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேலையை விட்டுவிட்டுப் போய், காகிதத்தையெல்லாம் காட்டி, கையிலிருந்து பணத்தை எடுத்து நீட்ட வேண்டும். "போன வருஷம் இவ்வளவு இல்லையே" என்று கேட்டால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார்? கவர்னர் ஏற்றிவிட்டார் என்பார். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கவர்னர் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது.

இங்கேதான் அந்த இரண்டு வருஷம் வருகிறது. கட்டணம் ஏறியது 1979-ல். ஓட்டுப் பெட்டி திறந்தது 1980 நவம்பரில். ரோடு போடக் காலம் பிடிக்கும், கட்டணம் வாங்கக் காலம் பிடிக்காது. தன் ஊர் ரோடு சரியாவதற்கு முன்னாலேயே கட்டணச் சீட்டோடு ஜனங்கள் ஓட்டுப் போட வந்தார்கள். இது கிளின்டனுக்காகப் பரிந்து பேசுவது இல்லை. எடை விஷயத்தில் அவர் செய்தது அநியாயம்தான். ஆனால் நல்ல கட்டணமாகவே இருந்தாலும், அதன் பலன் ஊருக்கு வந்து சேர இரண்டு வருஷம் போதுமா?

அறிகுறி முன்னாலேயே தெரிந்தது. 1980 மே மாதம் அவர் கட்சிக்குள்ளே நடந்த வேட்பாளர் தேர்தலில், ஓய்வுபெற்ற வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், மன்ரோ ஷ்வார்ஸ்லோஸ் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர், எதிர்த்து நின்றார். அவருக்கு நூற்றுக்கு முப்பத்தொரு ஓட்டு. அத்தனையும் கவர்னர் மேலிருந்த கோபம்.

அடுத்தது கியூபாக்காரர்கள். அந்த வருஷம் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் ஒன்றே கால் லட்சம் பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஜனாதிபதி கார்ட்டர் ஆர்கன்சாவில் இருக்கும் ஃபோர்ட் சாஃபி ராணுவ முகாமுக்கு அனுப்பினார். வாரக்கணக்கில் காத்திருந்து வெறுத்துப்போன சிலர் ஜூன் 1-ம் தேதி கலகம் செய்து வெளியே வந்தார்கள். மாநிலப் போலீஸ் தடுத்து நிறுத்தியது. அதற்கப்புறமும் ஆகஸ்டில், மற்ற முகாம்களில் இருந்தவர்களையும் அங்கேயே கொண்டுவருவதாக வாஷிங்டன் அறிவித்தது. முடிவு ஜனாதிபதியுடையது, பழி கவர்னர் மேல். அகதிகளைப் பூச்சாண்டி காட்டி ஓட்டு வாங்குவது எந்த நாட்டில் நடந்தாலும் எனக்கு மனசு ஆறாது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஃப்ராங்க் வைட் அந்தக் கலகத்தைத்தான் டிவி விளம்பரத்தில் திரும்பத் திரும்பக் காட்டினார். வண்டிக் கட்டணமும் கியூபாக்காரர்களும்தான் அவருடைய பிரசாரமே.

செப்டம்பரில் ஆர்கன்சாவிலேயே டமாஸ்கஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏவுகணைக் கிடங்கு ஒன்று வெடித்தது. அதையெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. நவம்பர் 4-ம் தேதி கிளின்டன் சுமார் முப்பத்திரண்டாயிரம் ஓட்டில் தோற்றார். அதே நாளில் வைட்டின் கட்சிக்காரரான ரீகன் ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார், அந்த அலையும் சேர்ந்துகொண்டது.

நேரம் நெருங்குகிறது, மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ராங்க் வைட்டுக்கும் அதே இரண்டு வருஷம்தான். உலகம் படைக்கப்பட்டது என்ற மதக் கருத்தைப் பள்ளியில் விஞ்ஞானத்தோடு சமமாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதைப் படிக்காமலே அவர் கையெழுத்துப் போட்டார். 1982 ஜனவரியில் கோர்ட் அதை ரத்து செய்தது. கிளின்டன் டிவியில் வந்து வண்டிக் கட்டணத்துக்காக ஜனங்களிடம் வருத்தம் தெரிவித்தார். வீடு வீடாக அலைந்தார். நவம்பரில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து ஓட்டோடு திரும்ப வந்தார்.

1984-ல் ஆர்கன்சா ஜனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1986 தேர்தலிலிருந்து அங்கே கவர்னருக்கு நான்கு வருஷம். நியூ ஹாம்ப்ஷயரிலும் வெர்மான்டிலும் மட்டும் இன்னமும் இரண்டு வருஷம்தான். வர்ஜீனியாவில் பதவியிலிருக்கும் கவர்னர் அடுத்த தேர்தலில் நிற்கவே முடியாது. அந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டதைப் பேச இன்றைக்கு நேரம் இடம் தரவில்லை.

நன்றி, வணக்கம்.