கூலிங் பேட் வாங்குவதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசையில் இருப்பது என்னுடைய கேமிங் லேப்டாப். நாலு வருடமாக உழைக்கிறது. இரண்டு மாதமாக ஒரு தொல்லை. கேமைத் திறந்தால் முதல் பத்து நிமிடம் ஜம்மென்று ஓடும். அப்புறம் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும், நல்ல சண்டை நடக்கும் நேரத்தில் படம் திக்கித் திக்கி ஓடும். நேற்று பொறுமை போய், எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று காட்டுகிறேன்.

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் எண்களைப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஓடவிட்டு அரை மணி நேரம் விளையாடுங்கள். வெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கிளாக் வேகத்தையும், அதாவது சிப் வேலை செய்யும் வேகத்தையும் பாருங்கள். என்னுடையதில் சிபியு, அதாவது லேப்டாப்பின் முதன்மை சிப், 98 டிகிரி. வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலிருந்து 2-க்குக் கீழே விழுந்துவிட்டது. இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறோம்.

90 டிகிரியைப் பார்த்ததும் லேப்டாப் எரிந்துவிடுமோ என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். எரியாது. லேப்டாப் சிபியுக்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். அதைத் தொட்டால் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷினே அணைந்துவிடும். அதனால் 90 டிகிரியில் வேகம் விழாமல் ஓடினால், நான் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். வேகம் விழுந்தால், சூடு எங்கேயோ வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பொதுவாக எல்லோரும் முதலில் லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் தட்டான கூலிங் பேட்தான் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். இரண்டு டிகிரிதான் குறைந்தது. காற்று பெரும்பாலும் லேப்டாப்பின் அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே அந்த வழி திறந்துவிடும், அதற்கு ஒரு புத்தகம் போதும். மெத்தைமேல் மட்டும் வைக்காதீர்கள். ஆனால் உள்ளே அடைத்திருந்தால், கீழிருந்து எவ்வளவு காற்று ஊதினாலும் அது எங்கே போகும்?

சரி, அடிமூடியைத் திறக்கலாம். வாரண்டி இருந்தால் அதன் விதிகளை முதலில் படித்துவிடுங்கள். மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை, அதனால் ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டி வைத்தேன். பேட்டரியையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ வேறு எந்த வேலையும் வேண்டாம், அந்த பேட்டரியை மாற்றும்வரை லேப்டாப்பை ஓட்டாதீர்கள்.

நேற்று கழற்றும்போது எடுத்த காட்சியைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோயிருக்கிறேன். ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கின்றன. ஃபேனைத் தூக்கினால், அதற்கும் சூட்டை வெளியே விடும் அந்தச் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம்! முழுசாக உரிந்து வருகிறது. நாலு வருடத் தூசி. வெளியிலிருந்து எத்தனையோ தடவை காற்றடித்திருக்கிறேன், இது நகரவே இல்லை. சூடான காற்று வெளியேறும் வாசலே அடைபட்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஏர் ஸ்ப்ரே அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

தூசியை மட்டும் எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். 98 இருந்த இடத்தில் 90.

அடுத்தது தெர்மல் பேஸ்ட், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை. லேப்டாப்பில் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது, சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் நேராக அதன்மேல் உட்காருகிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நடுவில் வெறுமையாகிவிடுகிறது. என்னுடையதிலும் அதே கதைதான். அதனால் இந்தமுறை பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல்லின் பிடிஎம்7950 ஷீட் வைத்தேன். சாதாரணமாகத் திடமாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்கு ஓடிவிடாது. ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், கழற்றும்போது தலைகீழ் வரிசை. மெமரி சிப்கள்மேல் இருக்கும் தெர்மல் பேட், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை, நன்றாக இருந்தால் தொடாதீர்கள். தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாகப் படியாது. உங்கள் மாடலில் பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் இருந்தால் தயவுசெய்து நீங்களே பிரிக்க வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்டில் சிந்தினால் போதும், லேப்டாப் போய்விடும்.

மென்பொருள் பக்கம் இரண்டே வேலை. ஒன்று, எஃப்பிஎஸ்ஸுக்கு, அதாவது ஒரு நொடியில் வரையும் படங்களின் எண்ணிக்கைக்கு, ஒரு வரம்பு. கதை விளையாட்டுக்கு 60 தாராளம். இரண்டு, டர்போவை, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்துக்கு மேல் தானாக ஏறுவதை, நிறுத்துவது. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்டை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். சில மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும், அங்கே தயாரிப்பாளரின் ஆப்பில் சைலண்ட் மோடைப் பாருங்கள். வேகம் போய்விடுமே என்று யோசிக்காதீர்கள். உச்சத்தில் இருக்கும் அந்தக் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக சிப் வோல்டேஜை நிறைய ஏற்றுகிறது, மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடுகிறது. கொஞ்சம் வேகத்துக்கு அவ்வளவு சூடு! பல லேப்டாப்களில் சிபியுவுக்கும் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்கும் சூட்டைக் கொண்டுபோகும் ஹீட் பைப் பொதுவானது, அதனால் சிபியு அடங்கினால் ஜிபியுவும் மூச்சு விடுகிறது. படத்தைப் பெரும்பாலும் ஜிபியுதான் வரைகிறது என்பதால், நான் விளையாடும் கேம்களில் வித்தியாசமே தெரியவில்லை.

நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அதே கேம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. மூலையில் எண்களைப் பாருங்கள். 40 நிமிடம் ஆகிவிட்டது, சிபியு 76, ஜிபியு 72, வேகம் ஒரே கோட்டில் நிற்கிறது. ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. கழற்றி வைத்த தூசிப் படலத்தை மட்டும் இன்னும் ஒருமுறை கிட்டே காட்டிவிட்டு முடிக்கிறேன், இதோ.