மூட்டுக்குள் கசியும் ரத்தம்

வணக்கம் நேயர்களே. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா என்றதும், விரலில் கத்தி பட்டால் ரத்தம் நிற்காதே என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். ஸ்கேன் எடுக்கும் மருத்துவரான எனக்கு அது பெரிய கவலை இல்லை. வெளியே வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், அழுத்திப் பிடிக்கலாம். கணுக்கால், முழங்கால், முழங்கை மூட்டுக்குள் கசிகிற ரத்தம்தான் ஆளை நடக்கவிடாமல் செய்துவிடுகிறது.

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் 8 குறைவது ஹீமோபிலியா ஏ என்ற வகை. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். பெரும்பாலும் தாய் வழியாக வரும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் முன்பு யாருக்கும் இருந்ததே இல்லை.

மூட்டுக்குள் கசிந்த ரத்தத்தின் இரும்பு உள்சவ்வில் படியும். சவ்வு தடிக்கும், தடித்த சவ்வில் மறுபடி கசியும். எக்ஸ்ரேயில் எலும்பு அரித்தது தெரியும்போது காலம் கடந்திருக்கும். எம்.ஆர்.ஐ.யில் படிந்த இரும்பு கன்னங்கரேலென்று முன்பே தெரிந்துவிடும். ஆனால் செலவு அதிகம். சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். அதனால் என் கை முதலில் போவது அல்ட்ராசவுண்டுக்குத்தான். வலி புதுக் கசிவாலா, பழைய தேய்மானத்தாலா என்று பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். தேய்மானத்துக்கு, குறைந்த ஃபேக்டரை ஈடுகட்டும் ஊசி போட்டு என்ன பயன்? விலையோ கொஞ்சநஞ்சமல்ல. சந்தேகம் தீரவில்லையென்றால் கசிவு என்றே வைத்துக்கொண்டு ஊசி போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, ஏமாற்றுகிற வலி. பையன் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். தொடையை மடக்கியே வைத்திருப்பான், நீட்டச் சொன்னால் அலறுவான். குடல்வால் அழற்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். தொடையின் முன்பக்கம் மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இடுப்பின் உட்தசையில் ரத்தம் தேங்கி நரம்பை அழுத்தினால் அப்படி ஆகும். அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ எடுத்தால் வீங்கிய தசை தெரியும். பார்க்காமல், ஃபேக்டரும் ஏற்றாமல் கத்தி வைத்தால் உயிருக்கே ஆபத்து.

தலையில் அடிபட்டால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கவே கூடாது. முதலில் ஃபேக்டர் ஊசி, அப்புறம்தான் சி.டி. ஸ்கேன். பிள்ளை தெளிவாகப் பேசுகிறானே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். மண்டைக்குள் கசிவது சில மணி நேரம் வெளியே காட்டாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே 'ஹீமோபிலியா' என்று சொல்லிவிடுங்கள், டோக்கன் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.