அட்டை இல்லாத எக்ஸ்-மென்

வணக்கம் நேயர்களே. ஏழெட்டு நிமிடம் தருகிறோம், உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் பேசலாம் என்றார்கள், நானும் யோசிக்காமல் காமிக்ஸ் என்று சொல்லிவிட்டேன். அதிலும் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் வருகிற பெண்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இதென்ன பேச்சு என்று யாராவது வானொலியை நிறுத்தக் கையை நீட்டினால், கொஞ்சம் பொறுங்கோ.

எங்கள் வீட்டில் காமிக்ஸ் எல்லாம் அண்ணனுடைய சொத்து. "பெட்டைக்கு என்னத்துக்கு உது?" என்பான். அவன் டியூஷனுக்குப் போனதும் மெத்தைக்குக் கீழே இருப்பதெல்லாம் என் கைக்கு வந்துவிடும். சிவகாசியில் அச்சாகி எப்படியோ கடல் கடந்து வந்த லயன் காமிக்ஸ்தான் தொடக்கம். 1984இல் அவர்கள் போட்ட முதல் இதழிலேயே நாயகி ஒரு பெண், மாடஸ்டி. அவள் பறக்க மாட்டாள், சுவரை ஊடுருவிப் பார்க்க மாட்டாள், கணக்குப்படி பார்த்தால் சூப்பர் ஹீரோவே இல்லை, இருந்தாலும் அவளை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது. அவளைப் படைத்த பீட்டர் ஓ'டொனல் 1942இல் ஈரானில் பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்தபோது, முகாமுக்குப் பக்கத்தில் தன்னந்தனியாக வந்த ஓர் அகதிச் சிறுமியைக் கண்டாராம். சாப்பாடு கொடுத்தார்கள், வாங்கினாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், தன்பாட்டில் நடந்து போய்விட்டாள். அந்தப் பிள்ளைதான் 1963இல் மாடஸ்டியாகப் பத்திரிகையில் வந்தது. இதை நான் அறிந்தது மிகப் பிந்தி. வாசித்தபோது, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன இரவு ஞாபகம் வந்தது. யாருடைய பிள்ளை என்றே தெரியாத எத்தனை பிள்ளைகள் அந்தச் சனத்துக்குள் நடந்தார்கள்.

ஆனால் என் ஆள் ஸ்டோர்ம்.

அண்ணனின் சிநேகிதனுக்கு லண்டன் மாமா அனுப்பிய பார்சலில் இருந்த புத்தகம் அது, எக்ஸ்-மென் என்ற சூப்பர் ஹீரோக் கூட்டத்தின் கதை. ஸ்டோர்ம் அதில் ஒருத்தி. அட்டை இல்லை, கடைசித் தாள்கள் இல்லை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருந்தது. 1990, எனக்குப் பன்னிரண்டு வயது, ஊரில் கரண்ட் இல்லை. அண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்து, விளங்காத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்துத் தமிழில் கதை சொன்னான். வெள்ளை முடி, கறுத்த நிறம், கையை உயர்த்தினால் மழையும் மின்னலும் வரும், கென்யாவில் அவளைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். அப்படிப்பட்டவள் அயர்லாந்துக் கோட்டை ஒன்றில் சண்டை நடக்கும்போது நாலு சுவருக்குள் அகப்பட்டதும் மூச்சுத் திணறிச் சுருண்டு விழுகிறாள். சின்ன வயதில், கெய்ரோவில், சூயஸ் சண்டையின்போது வீடு இடிந்து, செத்துப்போன தாய்க்குப் பக்கத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் கீழே கிடந்தவள்.

எங்கள் பங்கர் முற்றத்து மாமரத்துக்குக் கீழே இருந்தது. பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை. பொம்மர் சத்தம் கேட்டால் எல்லாரும் இறங்குவார்கள், நான் மட்டும் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன், அப்பா சட்டையைப் பிடித்து இழுப்பார், ஏச்சு விழும். உள்ளே ஈரமண் மணம், அம்மம்மாவின் தேவாரம், முழங்காலில் ஊரும் ஏதோ ஒன்று. குண்டைவிட எனக்கு அந்தக் குழிதான் பயம், வெளியே சொல்ல வெட்கம். அந்தக் கதைக்குப் பிறகு அண்ணன் பகிடி பண்ணத் தொடங்கினான், "ஸ்டோர்ம், இறங்கடி கீழே!" என்று. அவன் பகிடிக்குத்தான் சொன்னான், எனக்கு உள்ளுக்குள் பட்டம் கிடைத்த மாதிரி.

அது 1976இல் வந்த 102ஆம் இதழ் என்பது, யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, இன்டர்நெட் வந்து, அப்புறம்தான் தெரிந்தது. பிறகு மிச்சத்தையும் தேடித் தேடி வாசித்தேன். 1984இல் வந்த கதையில் அவளுடைய சக்தி முழுவதும் போய்விடுகிறது, ஒரு தூறல்கூட வரவழைக்க முடியாது. அதே நிலையில்தான் 1986இல் 201ஆம் இதழில், கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சுகிற சைக்ளோப்ஸோடு எக்ஸ்-மென் கூட்டத்தின் தலைமைப் பதவிக்காக மோதி வெல்கிறாள். எழுதிய கிறிஸ் கிளேர்மாண்டுக்கு அந்த ஓர் இதழுக்காகவே நான் எதையும் மன்னிப்பேன், அவருடைய பாத்திரங்கள் பக்கம் பக்கமாகப் பேசித் தள்ளுவதையும் சேர்த்து.

வொண்டர் வுமன் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. 1941இல் அவளைப் படைத்த மார்ஸ்டன் ஓர் உளவியலாளர், பொய்யைப் பிடிக்க இரத்த அழுத்தத்தைப் பார்க்கிற சோதனையைக் கொண்டுவந்தவர், ஆகவே அவள் கையில் உண்மையைக் கக்க வைக்கும் கயிறு இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அதெல்லாம் நல்லது. ஆனால் 1942இல் ஆண் வீரர்கள் அவளைத் தங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொண்டு கொடுத்த பதவி என்ன தெரியுமா, செயலாளர்! அவர்கள் சண்டைக்குப் போவார்கள், இவள் கூட்டக் குறிப்பு எழுதுவாள். எங்கள் சனசமூக நிலையக் கூட்டங்களில் அந்தக் கொப்பி யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? 1968இல் அவளுடைய சக்தியையும் பறித்தார்கள், பறித்துவிட்டு உடுப்புக்கடை வைக்க விட்டார்கள். ஸ்டோர்முக்கு நடந்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்க என்னால் ஏலாது.

பார்பரா கோர்டன் கதை வேறு. 1967இல் வந்தவள், பகலில் நூலகர், இரவில் பேட்கேர்ள். நூலகர் என்றதுமே யாழ்ப்பாணத்தவளுக்கு மனம் இளகும், காரணம் சொல்லத் தேவையில்லை. 1988இல் பேட்மேனின் எதிரி ஜோக்கர் அவளைச் சுடுகிறான், முள்ளந்தண்டில் காயம், இனி நடக்க முடியாது. தகப்பனையும் பேட்மேனையும் நோகடிக்கத்தான் அந்தச் சூடு, அவளுக்குப் பிறகு என்ன ஆனது என்று அந்தக் கதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் காமிக்ஸ் எழுதுகிற இரண்டு பேர், கிம் யேலும் அவருடைய கணவர் ஜோன் ஆஸ்ட்ராண்டரும். சில காலத்திலேயே அவளைச் சக்கர நாற்காலியில், கணினிக்கு முன்னால், ஆரக்கிள் என்ற பெயரில் உட்கார வைத்தார்கள். பிறகு பேட்மேனுக்கே தகவல் வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். 2011இல் பேட்மேன் கதைகளை வெளியிடுகிற டிசி நிறுவனம் அவளைத் திரும்ப நடக்க வைத்துப் பழைய உடுப்பைப் போட்டுவிட்டபோது பலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் சின்னம்மாவின் மகளுக்கு முதுகில் ஷெல் துண்டு பட்டது, இருந்த இடத்திலிருந்தே நாலு கடைக்குக் கணக்கு எழுதி வீட்டைப் பார்க்கிறாள், அவளை இப்படி ஒருவரும் எழுப்பிவிடப் போவதில்லை. அவளுக்குப் போனில் ஆரக்கிளைக் காட்டினேன். ஒவ்வொரு படமாக விரலால் பெருப்பித்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "இவளின்ரை வீட்டு வாசல்லை படி ஒண்டும் இல்லையோ?"

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1995இல் வீட்டை விட்டுப் போகும்போது அந்த எக்ஸ்-மென் புத்தகம் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்து திறந்தால் கறையான். அண்ணன் இப்போது ரொறன்ரோவில், போன் எடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லி அழுவான். உண்மையில் எல்லாமே போகவில்லை. நடுத்தாள் ஒன்று, அந்தத் துருக்கறையோடு, ஓரம் அரித்தபடி என் அலுமாரியில் இருக்கிறது. இந்த நிகழ்ச்சியை அவன் இணையத்தில் கேட்பான் என்று தெரியும். அண்ணை, தரமாட்டன்.

வணக்கம்.